கடைமடை இடும் கட்டளை: மூளையின் தந்துகிகள் ரத்தத்தைப் பங்கிடும் விதம்

மூளையின் ரத்த ஓட்டம் என்றதும் கழுத்துத் தமனி, அடைப்பு, ரத்தக்கட்டி, ரத்த அழுத்தம் என்று பெரிய குழாய்களைச் சுற்றியே நம் பேச்சு நிற்கிறது. அதில் பிழையில்லை, ஆளைச் சாய்க்கும் பெரிய அடைப்புகள் அங்கேதான் விழுகின்றன. ஆனால் மூளையின் எந்த மூலைக்கு எந்த நொடியில் எவ்வளவு ரத்தம் என்று கேட்டால், அதற்கான விடை பெரிய குழாய்களில் கிடைக்காது. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கே உள்ள தந்துகிகளில் தேட வேண்டும். தமனிகள் அனுப்புவதை வாங்கிக் கடத்துவதைத் தவிர தந்துகிகளுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் நெடுங்காலமாகப் பாடம் சொல்லப்பட்டது. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் அந்தப் பாடத்தைத் திருத்திவிட்டன. பக்கவாதத்தையும் அல்சைமர் நோயையும் புரிந்துகொள்ள நினைக்கும் எவருக்கும் இந்தத் திருத்தம் முக்கியமானது என்பது என் எண்ணம்.

முதலில் மூளையின் தேவையைப் பார்த்துவிடலாம். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவு ரத்தம் அதன் வழியே ஓடுகிறது. தசையைப் போலவோ கல்லீரலைப் போலவோ சொல்லிக்கொள்ளும்படியான சேமிப்பு மூளையிடம் கிடையாது. ஓட்டம் முழுவதுமாக நின்றால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். இவ்வளவு அவசரத் தேவை உள்ள உறுப்பு, கடினமான வேலை வரும்போதெல்லாம் மொத்த ரத்தத்தை ஏற்றிக்கொள்ளும் என்று தோன்றலாம். அப்படி நடப்பதில்லை. கணக்குப் போட்டாலும் கண்மூடிப் படுத்திருந்தாலும் மூளைக்குள் வரும் மொத்த அளவு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது பங்கீடுதான். மண்டையோடு மூடிய பெட்டி. எல்லாப் பகுதிக்கும் எந்நேரமும் தாராளமாக அனுப்ப அங்கே இடமும் இல்லை, இதயத்தால் அது முடியவும் முடியாது. எனவே பார்க்கும்போது பார்வைப் பகுதிக்கு, விரலை அசைக்கும்போது அதற்குரிய சிறு பகுதிக்கு என்று ஓரிரு நொடிக்குள் ஓட்டம் கூடுகிறது. வேலை முடிந்ததும் தணிகிறது.

இதை முதலில் அளந்து பார்த்தவர்களுள் ஒருவர் இத்தாலியின் ஆஞ்சலோ மோஸ்ஸோ. மண்டையோட்டில் காயத்தால் திறப்பு ஏற்பட்டிருந்த நோயாளிகளின் மூளைத் துடிப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் பதிவு செய்தார். மனம் வேலை செய்யும்போது அந்தத் துடிப்பு மாறுவதைக் கண்டார். 1890-ல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் ராயும் சார்லஸ் ஷெரிங்டனும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள்: மூளைத் திசு வேலை செய்யும்போது உண்டாகும் வேதிப்பொருள்களே அவ்விடத்து ரத்தக் குழாய்களை விரிக்கின்றன. அதன் அடிப்படைக் கருத்து, அதாவது கட்டளை வேலை நடக்கும் இடத்திலிருந்தே பிறக்கிறது என்பது, இன்றும் செல்லுபடியாகிறது.

ஆனால் அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றால் ஒரு சிக்கல் வரும். ஆக்சிஜன் தீர்ந்து கழிவு சேர்ந்த பிறகுதான் ரத்தம் வரும் என்றால், மூளை எப்போதும் பற்றாக்குறையிலேயே வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். 1986-ல் பீட்டர் ஃபாக்ஸும் மார்க்கஸ் ரேக்கிளும் வெளியிட்ட அளவீடுகள் வேறு கதை சொன்னன. கையின் தொடுவுணர்வைத் தூண்டியபோது உரிய மூளைப் பகுதியில் ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது. ஆக்சிஜன் செலவு கூடியதோ வெறும் 5 சதவீதம். தேவைக்கு மிக அதிகமாகவே ரத்தம் வந்து சேர்கிறது. செலவான பிறகு ஈடுகட்டும் ஏற்பாடாக இது தெரியவில்லை. வேலை தொடங்கிய சைகையைக் கேட்டதுமே அனுப்பிவிடும் ஏற்பாடு. 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டிய, இன்று எஃப்.எம்.ஆர்.ஐ. என்று அறியப்படும் படமுறை இந்த உபரியை நம்பித்தான் நிற்கிறது: ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் வெள்ளமாக வந்து, ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினை அடித்துச் செல்வதால் அவ்விடத்துச் சமிக்ஞை வலுக்கிறது. செய்தித்தாள்களில் "காதல் வசப்பட்டவரின் மூளை" என்றெல்லாம் வண்ணப் புள்ளிகளோடு வரும் படங்கள் நியூரான்கள் என்ற நரம்புச் செல்களைக் காட்டுவதில்லை, இந்த ரத்தப் பங்கீட்டைத்தான் காட்டுகின்றன. அவற்றைப் பார்க்கும் எவரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சைகையைக் கேட்பது யார், குழாயைத் திறப்பது யார் என்பதற்கு வருவோம். மூளையின் மேற்பரப்பில் படர்ந்த தமனிகளிலிருந்து நுண்தமனிகள் செங்குத்தாகத் திசுவுக்குள் இறங்குகின்றன. அவற்றைச் சுற்றி மென்தசை செல்கள் வளையம் வளையமாகப் பூட்டியிருக்கும். நுண்தமனியிலிருந்து கிளை பிரியும் தந்துகிகள் வலைபோலப் பின்னிக்கொண்டு கடைசியில் சிரைகளில் சேர்கின்றன. ஒரு மனித மூளையிலுள்ள தந்துகிகளை நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு தந்துகிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சராசரியாக 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான். எந்த நியூரானும் ஒரு தந்துகியிலிருந்து 20 மைக்ரானுக்கு மேல் விலகியிருப்பது அரிது. நுண்தமனிகளோ நூற்றுக்கணக்கான மைக்ரான் தள்ளி நிற்கின்றன. ஆக, நியூரானின் வேலையை அருகிலிருந்து அறியக்கூடிய ரத்தக் குழாய் என்று ஒன்று உண்டென்றால் அது தந்துகிதான்.

இப்படி அறிவது எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்டன், மார்க் நெல்சன் குழுவினர் 2017-ல் காட்டினார்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த ஆய்வு இது. நியூரான் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் சிறிது பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. செல்களுக்கு வெளியே சாதாரணமாக 3 மில்லிமோலார் அளவில் இருக்கும் பொட்டாசியம், மும்முரமான வேலையின்போது பல மடங்கு ஏறும். தந்துகியின் சுவர் ஒரே ஒரு அடுக்கு உட்சுவர் செல்களால் ஆனது. அந்தச் செல்களில் கே.ஐ.ஆர். 2.1 என்ற அயனி வாயில் உள்ளது. வெளியே பொட்டாசியம் ஏறினால் அது திறந்துகொள்ளும். திறந்ததும் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியேறி, உட்புற மின்னழுத்தம் மேலும் எதிர்மறையாகிறது. இந்த மின்மாற்றம் பக்கத்துச் செல்லின் அதே வாயிலைத் திறக்கிறது, அது அடுத்ததை. செல்களை இணைக்கும் நுண்துளைகள் வழியே அலை ரத்தம் ஓடும் திசைக்கு எதிராக மேலேறி நுண்தமனியை அடைகிறது. அங்கே மென்தசையின் கால்சியம் வாயில்கள் மூடுகின்றன. கால்சியம் குறைந்த தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, ரத்தம் பாய்கிறது.

பாசனக் கால்வாயில் தலைமடைக்காரர் திறந்தால்தான் கடைமடை நனையும். கடைமடை வயலுக்கு அதில் சொல் கிடையாது. மூளையில் கடைமடையே தலைமடையைத் திறக்க வைக்கிறது. எலியின் மூளையில் ஒரு தந்துகியின்மீது மட்டும் நுண்ணிய குழலால் பொட்டாசியத்தைத் தெளித்தபோது, தொலைவிலிருந்த நுண்தமனி விரிந்தது. உட்சுவர் செல்களில் மட்டும் கே.ஐ.ஆர். 2.1 இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளில், மீசையைத் தூண்டியபோது ஏற்படும் ரத்தப் பெருக்கு வெகுவாகக் குறைந்தது. நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின்கள் போன்ற வேறு தூதுப்பொருள்களும் உண்டு. மூளையில் ஒரே ஒரு வழியை நம்பி எதுவும் அமைக்கப்படவில்லை. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளை முழுவதும் குழாய்கள் விரிவதும், ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஓட்டத்தை நிலையாக வைத்திருக்கும் தன்னியக்கமும் தனி ஏற்பாடுகள். அவற்றில் பெரும்பங்கு தமனிகளுக்கே.

ஆனால் தந்துகி தகவல் சொல்வதோடு நின்றுவிடுகிறதா, தானும் விரிந்து சுருங்குகிறதா? இந்தக் கேள்விதான் துறையையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது.

தந்துகிச் சுவரை வெளியிலிருந்து தழுவியபடி ஆங்காங்கே ஒரு செல் உட்கார்ந்திருக்கும். அதன் உடல் ஒரு சிறு மேடுபோல் புடைத்திருக்க, கைகள் குழாயின் நெடுக்கே நீண்டிருக்கும். 1870-களில் பிரான்சின் சார்லஸ் ரூஜே அதை விவரித்து, சுருங்கும் தன்மை கொண்டது என்று கருதினார். 1923-ல் கார்ல் சிம்மர்மான் அதற்குப் பெரிசைட் என்று பெயரிட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2006-ல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் டேவிட் அட்வெல் குழு, விழித்திரையிலும் சிறுமூளைத் துண்டுகளிலும் பெரிசைட் இருக்கும் இடத்தில் தந்துகி சுருங்குவதையும் விரிவதையும் நேரடியாகக் காட்டியது. 2014-ல் அதே குழு உயிருள்ள எலியில் இன்னும் ஒரு படி போனது: மீசையைத் தூண்டியதும் தந்துகிகள் நுண்தமனிகளைவிட ஏறத்தாழ ஒரு நொடி முன்பே விரிகின்றன, கூடும் ரத்தத்தில் 84 சதவீதத்துக்குத் தந்துகிகளின் விரிவே காரணம் என்று கணக்கிட்டது. மறு ஆண்டே யேல் பல்கலைக்கழகத்திலிருந்து மறுப்பு வந்தது. ஓட்டத்தை ஆள்வது நுண்தமனியின் மென்தசைதான், தந்துகிப் பெரிசைட்டுகளுக்குச் சுருங்கும் புரதமே இல்லை என்றார்கள்.

இரு தரப்பும் நேர்த்தியாக வேலை செய்தவர்கள். அவர்கள் பார்த்த செல்கள்தான் வேறு வேறு. நுண்தமனியிலிருந்து பிரியும் முதல் மூன்று, நான்கு கிளைகள் வரை குழாயை நன்றாகப் போர்த்திக்கொண்டு, தசைப்புரதம் நிறைந்த செல்கள் இருக்கின்றன. ஒரு தரப்பு இவற்றைப் பெரிசைட் என்றது, மறுதரப்பு மென்தசையில் சேர்த்தது. இவை நொடிக்கணக்கில் வேலை செய்பவை. அதற்கும் அப்பால், வலையின் உட்பகுதியில் மெல்லிய இழைபோல் கை நீட்டிய பெரிசைட்டுகள் இருக்கின்றன. இவற்றாலும் சுருங்க முடியுமா என்பதை சியாட்டிலில் ஆண்டி ஷி குழு ஒளியால் இயக்கும் முறையில் சோதித்து 2021-ல் வெளியிட்டது. முடிகிறது, ஆனால் மெதுவாக, பத்துக்கணக்கான நொடிகளில். ஒரு பெரிசைட்டை லேசரால் நீக்கினால் அந்த இடத்தில் தந்துகி தொய்ந்து விரிகிறது. ஆக, வாசலில் இருக்கும் செல்கள் வேகமாகத் திறந்து மூடுகின்றன. உள்ளே இருப்பவை எந்தத் தந்துகி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்ற அடிப்படை அளவை வைத்திருக்கின்றன. இப்போதுள்ள சான்றுகளுக்குப் பொருந்தும் படம் இதுதான் என்று நினைக்கிறேன். மூளையில் இந்த இரண்டும் தேவை. ஒரு நுண்தமனி விரிந்தால் அது ஊட்டும் பகுதி முழுவதுக்கும் கூடுதல் ரத்தம் போகும்; அந்தப் பகுதிக்குள் எந்த மூலைக்கு என்று பிரித்துக் கொடுக்கத் தந்துகியால்தான் முடியும்.

நியூரானுக்கும் தந்துகிக்கும் நடுவே ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்லும் உண்டு. தன் பாதங்களால் ஏறக்குறைய எல்லாக் குழாய்ச் சுவர்களையும் அது மூடியிருக்கிறது. நுண்தமனிக்கான செய்தி இதைச் சார்ந்திருக்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகு, 2016-ல் அனுஷா மிஸ்ரா, அட்வெல் ஆகியோரின் ஆய்வு தந்துகிக்கான செய்தியில்தான் ஆஸ்ட்ரோசைட்டுக்குப் பங்கு என்று காட்டியது.

இவ்வளவு சிறிய விரிவும் சுருக்கமும் எதைச் சாதித்துவிடும் என்ற ஐயம் நியாயமானது. அதற்கு விடை எளிய இயற்பியலில் இருக்கிறது. குழாயின் வழியே ஓடும் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் 10 சதவீதம் கூடினால் ஓட்டம் 46 சதவீதம் கூடும். 10 சதவீதம் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 20 சதவீதம் குறைந்தால் மிஞ்சுவது 41 சதவீதம். இது தண்ணீர் போன்ற திரவத்துக்கான கணக்கு. தந்துகியில் நிலைமை இன்னும் கடுமை. சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான். அது நுழைய வேண்டிய தந்துகியோ பல இடங்களில் 5, 6 மைக்ரான்தான். உடலை மடித்து, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டுதான் அவை போகின்றன. வெள்ளணு அதைவிடப் பெரியது, விறைப்பானது. குழாய் அரை மைக்ரான் குறுகினாலே ஒரு வெள்ளணு மாட்டிக்கொண்டு பின்னால் வருபவை எல்லாம் தேங்கிவிடக்கூடும்.

ஒரு பகுதிக்கு வரும் மொத்த ரத்தம் போதுமானதாக இருந்தும் திசு பட்டினி கிடக்கக்கூடும் என்பது இதிலிருந்து வரும் விளைவு. சில தந்துகிகள் குறுகி, ரத்தம் மற்றவை வழியே விரைந்து ஓடினால், அந்த வேகத்தில் ஆக்சிஜன் இறங்க நேரம் இருக்காது. குறுகியவற்றின் அருகிலோ இறக்க ஆக்சிஜனே வராது. டென்மார்க்கில் சூனே யெஸ்பர்சென், லெய்ஃப் ஓஸ்டர்கார்ட் ஆகியோர் 2012-ல் இதைக் கணித மாதிரியாக எழுதிக் காட்டினார்கள். மொத்த ஓட்டத்தை மட்டும் அளக்கும் பரிசோதனை இந்தக் குறையைத் தவறவிட்டுவிடும்.

பக்கவாதத்தில் இதன் விலை தெரிகிறது. பெருந்தமனியில் சிக்கிய ரத்தக்கட்டியைக் கம்பிக் குழாய் செலுத்தி வெளியே எடுக்கும் சிகிச்சை கடந்த பத்தாண்டுகளில் எத்தனையோ பேரை மீட்டிருக்கிறது. ஆனால் முக்கிய சோதனைகளில் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிறர் துணையின்றி வாழும் நிலைக்குத் திரும்பவில்லை. காலம் கடந்ததும், திசு முன்பே இறந்துவிட்டதும் பெரிய காரணங்கள். இன்னொன்றை 1968-லேயே ஏடெல்பெர்ட் ஏம்ஸ் விலங்குகளில் கண்டார்: தடையை நீக்கிய பிறகும் மூளையின் சில பகுதிகளுக்கு ரத்தம் திரும்புவதில்லை. 2009-ல் துருக்கியின் துர்காய் தல்காரா குழு அதற்கு ஒரு முகம் கொடுத்தது. எலியின் பெருந்தமனியை அடைத்துத் திறந்த பிறகும், தந்துகிகள் பெரிசைட் இருக்கும் இடங்களில் நெரிபட்டு, அவற்றில் சிவப்பணுக்கள் சிக்கிக் கிடந்தன. அட்வெல் குழு இதன் கொடுமையான பின்பகுதியைக் கண்டது. ஆக்சிஜன் இல்லாதபோது பெரிசைட்டுக்குள் கால்சியம் ஏறுகிறது, அதை வெளியேற்ற ஆற்றல் இல்லை, செல் சுருங்குகிறது, சுருங்கிய நிலையிலேயே இறந்து விறைத்துவிடுகிறது. தமனி திறந்து ரத்தம் வாசல்வரை வந்த பிறகும், அந்தப் பிடியைத் தளர்த்த அங்கே உயிருள்ள செல் இல்லை.

மனிதரிலும் இதற்கான தடயம் தேடப்படுகிறது. ஸ்பெயினில் நடந்து 2022-ல் வெளியான சாய்ஸ் என்ற சோதனையில், கட்டி எடுத்து முடித்த பிறகு நுண்குழாய்களில் மிஞ்சிய துணுக்குகளைக் கரைக்க அதே தமனி வழியே மருந்து தரப்பட்டது. மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் மருந்து பெற்றோரில் 59 சதவீதம், பெறாதோரில் 40 சதவீதம். சிறிய சோதனை, பின்னர் வந்த பெரிய சோதனைகளின் முடிவுகள் ஒரே திசையில் இல்லை. என் பார்வையில் அது வியப்பில்லை. நுண்குழாய் அடைபடுவது உறைவால் மட்டும் அல்ல. பெரிசைட்டின் பிடி, ஒட்டிக்கொள்ளும் வெள்ளணு, வீங்கிய சுவர் என்று பல வழிகளில் நடக்கிறது. உறைவைக் கரைக்கும் மருந்து அவற்றில் ஒன்றை மட்டுமே தொடும்.

அல்சைமர் நோயில் இதே தந்துகிகள் வேறு வழியாக மெதுவாக நெரிக்கப்படுகின்றன. அந்நோயில் மூளையின் ரத்த ஓட்டம் குறைவது நெடுநாளாகத் தெரிந்ததுதான்; செல்கள் இறந்து தேவை குறைந்ததால் ஓட்டமும் குறைந்தது என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். 2019-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் வரிசையை மாற்றிப் பார்க்க வைத்தன. ரோஸ் நார்ட்லி, அட்வெல் ஆகியோர் நோயாளிகளிடமிருந்து பெற்ற மூளைத் திசுவில், அந்நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு-பீட்டா என்ற புரதம் படிந்த இடங்களில் தந்துகிகள் பெரிசைட்டின் அருகே குறுகியிருப்பதைக் கண்டார்கள். அந்தப் புரதம் எண்டோதீலின் என்ற பொருளைத் தூண்டி, அதன் வழியே பெரிசைட்டை இறுக வைக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகக் குழுவோ அல்சைமர் எலிகளில் (அந்நோய் போன்ற நிலை வரும்படி வளர்க்கப்பட்டவை) எந்த நேரத்திலும் தந்துகிகளில் சுமார் 2 சதவீதம் வெள்ளணுக்களால் அடைபட்டிருப்பதைப் பார்த்தது. இரண்டு சதவீதம் அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு தந்துகி நின்றால் அதற்குக் கீழுள்ள பல கிளைகள் வறள்கின்றன. அந்த வெள்ளணுக்கள் ஒட்டாதபடி தடுத்ததும் சில நிமிடங்களில் ஓட்டம் கூடியது, சில மணி நேரத்தில் எலிகளின் குறுகிய கால நினைவும் மேம்பட்டது. செல்கள் இறந்ததால் ஓட்டம் குறைந்தது என்றால் இவ்வளவு விரைவாக மீண்டிருக்க முடியாது.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் தனித்தனியானவை அல்ல என்பதை 2024-ல் நில்ஸ் கோர்ட்டே, அட்வெல் ஆகியோர் காட்டினார்கள். நிமோடிப்பின் என்ற கால்சியம் வாயில் அடைப்பு மருந்து அல்சைமர் எலிகளின் பெரிசைட்டுகளைத் தளர்த்தியது. தளர்ந்ததும் வெள்ளணுக்கள் சிக்குவதும் குறைந்தது, திசுவின் ஆக்சிஜன் குறைபாடும் தணிந்தது. நிமோடிப்பின் புதிய மருந்தல்ல. மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கிடையே ரத்தம் கசிந்தவர்களுக்குப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வருவது. ஆனால் அது உடல் முழுவதும் தமனிகளையும் தளர்த்தி ரத்த அழுத்தத்தை இறக்கும்; அழுத்தம் இறங்கினால் தந்துகியை அடையும் ரத்தமும் குறையும். பெரிசைட்டைத் தளர்த்தப் போதுமானதாகவும் தமனியைத் தொடாததாகவும் ஓர் அளவையோ, அதற்கு இணையான வேறொரு மருந்தையோ கண்டுபிடிப்பதுதான் இப்போது எஞ்சியிருக்கும் கடினமான வேலை. அது பலித்ததா என்று உயிருள்ள மனித மூளையில் பார்க்க, ஒரு மில்லிமீட்டர் புள்ளிகளாகப் படம் தரும் இன்றைய ஸ்கேன்கள் போதாது. அந்த ஒரு புள்ளிக்குள் நூற்றுக்கணக்கான தந்துகிகள் அடங்கிவிடுகின்றன.